ஆள் பார்த்து வருமா நியாயம்?

காலபோகம், அதாவது மாரி நெற்செய்கை, தொடங்கி நெல் ஒரு சாண் எழும்பியதும் இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு வழக்கு கட்டாயம் வரும். கட்டாக்காலி மாடு, கட்டிப்போடாமல் திரிய விட்ட மாடு. இரவில் பத்துப் பன்னிரண்டு மாடுகள் வேலியை முறித்துக்கொண்டு வயலுக்குள் இறங்கினால், விடிய எழும்பிப் பார்க்கும்போது அரை ஏக்கர் மொட்டையாகக் கிடக்கும். விதைநெல், உழவுக்கூலி, உரம், நகையை அடகு வைத்து எடுத்த காசு எல்லாம் மாட்டின் வயிற்றுக்குள். வயல்காரர் கமக்கார அமைப்பிடம் போவார், சரிவராவிட்டால் பொலிசுக்குப் போவார். மாட்டுக்காரரும் வாய் மூடி நிற்கமாட்டார். "நாங்கள் பரம்பரையா மேய்ச்ச தரையெல்லாம் ஒண்டில் வயலாப் போச்சு, இல்லாட்டிக் காடெண்டு எல்லைக்கல்லுப் போட்டாச்சு. இவ்வளவு மாட்டையும் நான் எங்கை கொண்டுபோய்க் கட்டுறது, தம்பி?" என்பார். இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டு தேநீர்க்கடை வாங்கில் இருக்கும் மூன்றாவது ஆள், "ரெண்டு பேரிலையும் பிழையில்லை. அவையவைக்கு அவையவையின்ரை நியாயம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்பார்.

கேட்பதற்குப் பெருந்தன்மையான தீர்ப்பு. பழசும்கூட. கிறிஸ்துவுக்கு முன் 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தில் புரொத்தகோரஸ், எல்லாவற்றுக்கும் மனிதனே அளவுகோல் என்றார். அன்றிலிருந்து மெய்யியலாளர் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: நன்மை தீமை என்பவை பார்க்கிறவரின் மனத்தைப் பொறுத்தவையா, அல்லது யார் எப்படிப் பார்த்தாலும் மாறாமல் நிற்பவையா?

இதே மாட்டு வழக்கில் ஓர் இரவு யாரோ ஒருவர் கத்தியால் மாட்டின் பின்னங்காலை வெட்டிவிடுகிறார் என்று வைப்போம். வைப்போம் என்ன, இப்படி நடப்பது வன்னியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எழும்ப முடியாமல் வாய்க்கால் கரையில் கிடந்து கத்துகிற மாட்டைப் பார்க்கப் போகிற மூன்றாவது ஆள், அங்கே நின்றுகொண்டு "அவையவைக்கு அவையவையின்ரை நியாயம்" என்று சொல்வதில்லை. வெட்டியவரும் வந்து "நான்தான் வெட்டினேன், என் பார்வையில் அது சரி" என்று சொல்வதில்லை. பொலிசுக்குப் பயந்துதான் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் உண்டு. ஆனால் பொலிஸ் எட்டிப் பார்க்காத ஊரிலும் இதை இருட்டில்தான் செய்கிறார்கள்.

"நன்மை தீமை அவரவர் பார்வை" என்கிறபோது மூன்று வேறு கதைகள் ஒன்றாகக் கலந்து வருகின்றன. ஒன்று: உணரவும் நினைக்கவும் கூடிய உயிர்களே இல்லாத உலகில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மார்கழி மழைக்குக் குளம் உடைத்தால் மழையை யாரும் கூண்டில் ஏற்றுவதில்லை. இரண்டு: சமூகத்துக்குச் சமூகம் ஒழுக்கம் மாறுகிறது. மூன்று: ஒருவர் எதைச் சரி என்று நினைக்கிறாரோ அதுவே அவருக்குச் சரி, அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை. முதலாவதை ஏற்பதில் எனக்குச் சிரமமில்லை. இரண்டாவதில் உண்மையும் உண்டு, மிகைப்படுத்தலும் உண்டு. மூன்றாவது பிழை என்பது என் எண்ணம். தேநீர்க்கடைத் தீர்ப்பு முதலாவதைக் காட்டி மூன்றாவதை நம் தலையில் கட்டிவிடுகிறது.

முதலாவதிலிருந்து மூன்றாவது ஏன் வராது என்பதற்குப் பல்வலி போதும். வலி மனத்தில்தான் இருக்கிறது. உணர்கிற உயிர் இல்லாவிட்டால் வலியும் இல்லை. அதற்காக ஒருவருக்குப் பல் வலிக்கிறது என்பது வெறும் அபிப்பிராயம் ஆகிவிடாது. பக்கத்து வீட்டுக்காரர் "என் கருத்துப்படி உமக்கு வலிக்கவில்லை" என்று சொன்னால் அவர் சொன்னது பிழை, அவ்வளவுதான். மனத்தைச் சார்ந்திருப்பது வேறு, விருப்பத்துக்கு ஏற்ப மாறுவது வேறு.

இந்த இடத்தில் எல்லோரும் சாட்சிக்கு அழைப்பது ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூமை. ஒரு கொலையை எந்தப் பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் தீமை என்ற ஒரு பொருள் அதற்குள் தென்படாது, உங்கள் நெஞ்சுக்குள் எழும் வெறுப்பைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் அதைக் காண்பீர்கள் என்று 1740இல் எழுதினார். இதோடு நிறுத்திக்கொண்டால் ஹியூம் தேநீர்க்கடைக் கட்சி. ஆனால் 1751இல் வந்த பிந்திய நூலில் அவர் இன்னொன்று சொல்கிறார், அதைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. ஒருவரை "என் எதிரி" என்கிறபோது நான் என் நலனை வைத்துப் பேசுகிறேன். அதே ஆளை "கொடியவன்" என்கிறபோது, கேட்கிறவர்களும் என்னோடு உடன்பட வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். ஆகவே என் சொந்த இடத்தை விட்டு எழும்பி, மற்றவர்களும் வந்து நிற்கக்கூடிய ஒரு பொது இடத்தில் நின்றுதான் அப்படிச் சொல்ல வேண்டும். உணர்ச்சியில் தொடங்குகிற ஒன்று உணர்ச்சியோடு முடியவேண்டியதில்லை என்பதே இதன் சாரம்.

இனி இரண்டாவது கதை, வழக்கங்கள் மாறுவது. இதற்கு உலகமெங்கும் சொல்லப்படுவது கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதிய கதை. பாரசீக மன்னன் டேரியஸ் கிரேக்கரை அழைத்து, எவ்வளவு காசு தந்தால் இறந்த தகப்பனின் உடலைத் தின்பீர்கள் என்று கேட்டான். எவ்வளவு தந்தாலும் மாட்டோம் என்றார்கள். அப்படித் தின்பதை வழக்கமாகக் கொண்ட கல்லாத்தியர் என்ற மக்களை அழைத்து, எவ்வளவு தந்தால் எரிப்பீர்கள் என்று கேட்டான். அப்படிப் பேசவே வேண்டாம் என்று அவர்கள் அலறினார்கள்.

கதை தூரத்தில் இருந்து வந்தது, விஷயம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வன்னிச் சைவர்கள் வழிவழியாக எரிக்கிறவர்கள். ஆனால் போர்க்காலத்தில் களத்தில் இறந்த புலி உறுப்பினர்களைத் துயிலும் இல்லங்களில் புதைக்கும் முறை வந்தது. எரித்துப் பழகிய குடும்பங்களே, ஒரு தலைமுறைக்குள், பிள்ளையின் கல்லறையில் விளக்கேற்றப் பழகின. எரிக்காமல் புதைத்தது பாவம் என்று சண்டை பிடித்தவர்கள் குறைவு. போருக்குப் பின் அந்தக் கல்லறைகள் இடித்து மட்டமாக்கப்பட்டபோது கொதித்தார்கள். இயக்கத்தைப் பற்றி எந்தக் கருத்து வைத்திருந்தவரும், பிள்ளையைப் புதைத்த இடத்தை உழுதுபோடுவது சரியா என்று கேட்டால் ஒரு கணம் தயங்குவார். எரிப்பதா புதைப்பதா என்பது மாறியது. இறந்தவரை மரியாதையாக அனுப்ப வேண்டும் என்பது மாறவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 2020இல் கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று இலங்கை அரசு கட்டாயப்படுத்தியது. புதைப்பதிலும் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் இருந்தும் முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டன. 2021 பெப்ரவரி கடைசியில்தான் புதைக்க அனுமதி வந்தது. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்பதாக முடிவெடுத்தது. எரிப்பது ஒரு சைவக் குடும்பத்துக்குக் கடமை. அதே நெருப்பு, விருப்பமில்லாத ஒரு முஸ்லிம் குடும்பத்துக்குக் கொடுமை. செயல் ஒன்று, பெறுமதி இரண்டு. அப்படியானால் எல்லாம் பார்வைதானே என்று கேட்கத் தோன்றும். இல்லை. சூழ்நிலை மாறும்போது ஒரு செயலின் நன்மை தீமை மாறுவது ஒன்று. அதே சூழ்நிலையில், பார்க்கிற ஆள் மாறும்போது மாறுவது இன்னொன்று. அந்தக் குடும்பங்களுக்கு நடந்தது கொடுமை என்பதைப் புரிந்துகொள்ள முஸ்லிமாக இருக்கத் தேவையில்லை.

அப்புறம், நாம் நியாயச் சண்டை என்று நினைக்கிற பலவற்றின் அடியில் கிடப்பது தகவல் சண்டை. முல்லைத்தீவில் நந்திக்கடல் பக்கம் வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் இருக்கிறாள். மதுரையை எரித்த கோபத்தோடு வந்து அங்கே இளைப்பாறினாள் என்பது ஊர் நம்பிக்கை. வைகாசி விசாகப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரியும். வன்னியே அங்கே திரண்டு நிற்கும். அந்தக் கதையில் பாண்டியன் சபையில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். "உன் நியாயம் உனக்கு, என் நியாயம் எனக்கு" என்று மன்னன் சொல்லவில்லை. கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அல்ல என்றான். கண்ணகி அந்த விதியோடு மோதவே இல்லை. கோவலன் கள்வனா என்பதோடுதான் மோதினாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி மன்னன் விழுந்தான். இருவருக்கும் அறம் ஒன்றாகவே இருந்தது, தகவல்தான் வேறாக இருந்தது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரக் கொட்டகைகளில் உட்கார்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கேட்டதும் தகவல்தான். "என்ரை பிள்ளை எங்கை?" அது ஒரு பார்வை என்று யாரும் அவர்களுக்குப் பதில் சொல்லிவிட முடியாது. பதில் என்று ஒன்று இருக்கிறது, அது யாரோ சிலருக்குத் தெரியும். சொல்லாமல் வைத்திருப்பது என்ன வகைச் செயல் என்பதில், கேட்கிற தாய்க்கும் சொல்லாத அதிகாரிக்கும் வெவ்வேறு அறநூல்கள் இருப்பதாக நான் நம்பவில்லை.

கண்ணகியை இவ்வளவு லேசாக விட்டுவிடவும் முடியாது. நெருப்பை ஏவும்போது முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொன்னாள் என்றாலும், ஒரு மன்னனின் பிழைக்கு ஒரு நகரத்தை எரிப்பது சரியா? வற்றாப்பளையில் கும்பிட்டு நிற்கும்போது இதை யாரும் கேட்பதில்லை. இங்கே தகவல் எல்லாம் கையில் இருந்தும் சண்டை தீராது. இப்படித் தீராத கேள்விகளைப் பற்றிப் பிறகு பேசுகிறேன்.

ஆளைப் பார்த்து நியாயம் சொல்வது வேறு விஷயம், அதுதான் நம் ஊரில் அதிகம். ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31 அன்று வன்னித் தலைவன் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிரிபேர்க் தோற்கடித்ததாகப் பிரித்தானியர் ஒரு நினைவுக்கல் நட்டார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் அவன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்திருந்தான். கல் நட்டவர்களுக்கு அவன் கலகக்காரன். 1982இல் இலங்கை அரசு அவனைத் தேசிய வீரனாக அறிவித்தது. ஆள் ஒன்று, தீர்ப்பு இரண்டு. ஆனால் அதே வாய்வழிக் கதையில் வருகிற காக்கைவன்னியனைப் பாருங்கள். காட்டிக்கொடுத்தவன் என்று ஏசுவதற்கு இன்றும் அவன் பெயர்தான் வாயில் வருகிறது. காட்டிக்கொடுப்பதால் பயன் அடைந்த பிரித்தானியரும், தங்கள் படைவீரன் ஒருவன் அதையே செய்திருந்தால் சுட்டுத்தள்ளியிருப்பார்கள். யாருக்கு எந்தப் பெயர் என்பது பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. நம்பியவரைக் காட்டிக்கொடுப்பது கேவலம் என்பது இரண்டு பக்கத்திலும் அப்படியே இருக்கிறது.

இதைவிடக் கசப்பான உதாரணம் ஒன்று உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் எங்குமிருந்து ஏறத்தாழ 75,000 பேர், அணிந்த உடுப்போடும் அனுமதித்த கொஞ்சக் காசோடும் போனார்கள். இடம்பெயர்வு என்றால் என்ன என்று வன்னி மக்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2009 வரை பதுங்குகுழியோடும் தறப்பாளோடும் ஊர் ஊராக ஓடியவர்கள், பிறகு முட்கம்பிக்குள் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள். தமக்கு நடந்ததை அநியாயம் என்று சொல்வதில் எவருக்கும் சந்தேகமில்லை. 1990ஐப் பற்றிக் கேட்டால் மட்டும் சிலருக்கு "அந்த நேரத்துச் சூழ்நிலை" நினைவுக்கு வந்துவிடும். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கமே அதை ஓர் அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். செய்தவர்களே ஒப்புக்கொண்டதைப் பார்வை வித்தியாசம் என்று மூடிவைப்பது அவர்களுக்கு வக்காலத்து வாங்குவதில் அவர்களையும் தாண்டிப் போவது. தெற்கிலும் இதே நோய்தான். போரின் கடைசி மாதங்களில் இரு தரப்பும் கடுமையான மீறல்களைச் செய்தன என்பதற்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளதாக ஐ.நா. நிபுணர் குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. அதில் தத்தம் தரப்புப் பக்கங்களை இரண்டு ஊரிலும் ஒட்டி வைத்துவிட்டே பலர் வாசித்தார்கள்.

இதைப் பார்த்துத்தான் பலர், பார்த்தீர்களா, நியாயம் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஆளை மாற்றிப் போட்டால் தீர்ப்பும் மாறுகிறது என்று நாம் வெட்கப்படுகிறோம், மழுப்புகிறோம், "அது வேறை, இது வேறை" என்று காரணம் தேடுகிறோம். வெறும் ருசி என்றால் இந்தச் சிரமம் எதற்கு? ஒருவருக்கு மீன் பிடிக்கும், இன்னொருவருக்கு இறைச்சி பிடிக்கும் என்பதற்கு யாரும் காரணம் தேடி வியர்ப்பதில்லை.

போரின் முன்னரங்காக இருந்த முகமாலையை நினைத்துப் பாருங்கள். நாட்டிலேயே மிக அடர்த்தியாக மிதிவெடி புதைக்கப்பட்ட இடங்களில் ஒன்று. இரண்டு தரப்பும் புதைத்தன, இரண்டும் பாதுகாப்புக்காகத்தான் என்றன. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்பாட்டில் சேர்ந்தது. அந்தக் காவலரண்களில் இன்று யாரும் இல்லை, எந்தப் பக்கத்துப் பார்வையும் அங்கே காவல் நிற்கவில்லை. வெடி மட்டும் மண்ணுக்குள் கிடந்தது, விறகுக்குப் போனவரின் கால் போனது. வெள்ளைத் தொப்பியும் முகக்கவசமும் போட்டு முழங்காலில் நின்று அதை ஒவ்வொரு அங்குலமாகக் கிளறி எடுக்கும் பெண்களில் போரில் கணவரை இழந்தவர்கள் பலர். அவர்களிடம் போய் இந்த வெடியின் தீமை பார்வையைப் பொறுத்தது என்று விளக்கிப் பாருங்கள்.

சரி, எதிர்க்கட்சிக்கும் இடம் கொடுக்க வேண்டும். புறவயமான பெறுமதிகள் என்று எதுவும் இல்லை என்று 1977இல் வாதிட்ட அவுஸ்திரேலிய மெய்யியலாளர் ஜே. எல். மெக்கி கேட்ட கேள்வி லேசானதல்ல. நெல்லுக்கு நிறை இருக்கிறது, தராசு இருக்கிறது. தீமை உலகில் உண்மையிலேயே இருக்கும் ஒன்று என்றால் அது எப்படிப்பட்ட விசித்திரமான பொருள், எந்தப் புலனால் அதை அறிகிறோம்? குறளிலேயே இந்தச் சங்கடம் ஒளிந்திருக்கிறது. "ஈன்றாள் பசிகாண்பான் ஆயினுஞ் செய்யற்க சான்றோர் பழிக்கும் வினை" என்கிறது 656ஆம் குறள். பெற்ற தாய் பசியில் கிடந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே. சான்றோர் பழிப்பதால் அது தீவினையா, தீவினை என்பதால் சான்றோர் பழிக்கிறார்களா? முதலாவது என்றால் சான்றோர் மனம் மாறினால் தீமையும் மாறிவிடும். இரண்டாவது என்றால் சான்றோருக்கு அப்பால் ஓர் அளவுகோல் இருக்க வேண்டும். இதே கேள்வியைத் தெய்வங்களை வைத்து சோக்ரடீஸ் கேட்டதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார். முடிந்த முடிவு இன்றைக்கும் இல்லை. 2020இல் மெய்யியலாளரிடம் எடுத்த ஒரு பெரிய கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ 62 வீதத்தினர் அற உண்மைகள் உண்டு என்ற பக்கம் சாய்ந்தார்கள், 26 வீதத்தினர் மறுத்தார்கள். வாக்கெடுப்பால் மெய்யியல் தீராது என்பது வேறு கதை.

மெக்கியின் தராசுக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் தராசு இல்லை என்பதால் எந்த நிறையும் சொல்லலாம் என்று ஆகாது. கிளிநொச்சியின் பெரிய குளமான இரணைமடுவின் தண்ணீர்ச் சண்டை இதற்கு நல்ல உதாரணம். யாழ்ப்பாணத்தில் கிணறுகள் உவராகின்றன, உரமும் கழிவும் கலக்கின்றன. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு இரணைமடுவிலிருந்து குடிநீர் கொண்டுபோகத் திட்டம் வந்தது. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். குடிக்கத் தண்ணி கேட்டால் மறுப்பதா என்றது ஒரு பக்கம். கோடையில் வரும் சிறுபோகத்துக்கே காணாத குளத்தில் நீங்கள் குழாய் வைத்தால் எங்கள் அடுப்பு எப்படி எரியும் என்றது மறுபக்கம். இரண்டும் மெய்யான நியாயங்கள். குளத்தில் எந்த மாதம் எவ்வளவு நீர் நிற்கும் என்று அளந்தால் சண்டையில் பாதி குறையும், பாதி மிஞ்சும். மிஞ்சிய பாதியை யாரும் வென்று தீர்க்கவில்லை. கடல்நீரை நன்னீராக்கும் ஆலைக்குத் திட்டத்தைத் திருப்பினார்கள். அது 2024இல் தாளையடியில் திறக்கப்பட்டது. இந்தச் சண்டையில் ஏற்கக்கூடிய விடைகள் ஒன்றுக்கு மேல் இருந்தன. அதற்காக எந்த விடையும் சரி என்று இருக்கவில்லை. "துலுசு (குளத்து மதகு) எங்கடை பக்கம் கிடக்கு, திறக்கமாட்டம், நீங்கள் தாகத்தில் சாகலாம்" என்று கூட்டத்தில் எழும்பிச் சொன்ன ஒரு கமக்காரரும் இல்லை.

நீர் குறைந்த சிறுபோகத்தில் இரணைமடுவில் எல்லா வயலும் விதைப்பதில்லை. கூட்டம் கூடி, இவ்வளவு ஏக்கருக்குத்தான் நீர் என்று முடிவெடுத்து, பங்கு பிரித்து விதைக்கிறார்கள். காணியின் அளவுக்கு ஏற்பப் பங்கா, குடும்பத்துக்கு இவ்வளவு என்றா? நிறைய வயல் வைத்திருக்கிறவர் முதலாவதுக்குக் காரணம் சொல்வார், அரை ஏக்கர்க்காரர் இரண்டாவதுக்குச் சொல்வார். இரண்டும் கேட்கக்கூடிய காரணங்கள். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் காணி உள்ளவர்கள். காணியே இல்லாமல், களை பிடுங்கியும் வெட்டுக்கூலிக்குப் போயும் சிறுபோகத்தை நம்பி இருக்கிற குடும்பங்களின் காரணம் அங்கே வாசிக்கப்படுவதில்லை. ஏக்கர் குறைந்தால் அவர்களுக்கு வேலை நாளும் குறைகிறது. பங்குக் கணக்கில் அதற்கு ஒரு நிரல் இல்லை.